ஒரே தெருவில் இரண்டு விதத் தண்ணீர்: ஈஸ்ட் போர்ட்டர்வில் குடிநீர் நெருக்கடி (நிகழ்வு ஆய்வு)

கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில், டூலேரி கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) போர்ட்டர்வில் என்றொரு நகரம். அதை ஒட்டியே கிடக்கிறது ஈஸ்ட் போர்ட்டர்வில். 2014-ல் இந்தக் குடியிருப்பில் வீடு வீடாகக் கிணறுகள் வற்றின. 2018 தொடக்கத்தில் 755 வீடுகள் நகராட்சிக் குழாயோடு இணைந்திருந்தன. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் யார் என்ன முடிவெடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள், அதில் யார் விடுபட்டுப் போனார்கள் என்பதைப் பொதுவெளியில் பதிவானவற்றை வைத்து இங்கே எழுதுகிறேன். தனிமனிதர்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை.

இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஏழை மக்களின் குடிநீர் என்றதும் பேச்சு பெரும்பாலும் தண்ணீர்ப் பஞ்சத்தில் ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிடுகிறது. இங்கே பஞ்சம் இருந்தது உண்மைதான். ஆனால் அதே வறட்சியில், அதே நிலத்தடி நீரை நம்பியிருந்த பக்கத்து நகரத்தில் குழாய் திறந்தால் தண்ணீர் வந்தது.

பின்னணி

ஈஸ்ட் போர்ட்டர்வில்லில் ஏறத்தாழ 7,000 பேர் வசித்தார்கள். தோட்ட வேலைக்கும் பழம் தரம்பிரிக்கும் கூடங்களுக்கும் போகிற குடும்பங்கள் நிறைய. ஸ்பானிய மொழி பேசுபவர்களே பெரும்பான்மை. வாடகை வீடுகளும் அதிகம். அந்த ஊருக்கென்று தனி நகராட்சி கிடையாது. இப்படி எந்த நகரத்திலும் சேராத குடியிருப்புகளுக்கு கவுண்டி நிர்வாகம்தான் எல்லாம். குழாய் போட்டு, தண்ணீரைச் சோதித்து, பில் அனுப்பி, பழுது பார்க்க ஓர் அமைப்பு இல்லாததால் அங்கே பெரும்பாலான வீட்டுக்காரர்கள் தங்கள் மனையிலேயே கிணறு போட்டுக்கொண்டார்கள். அவை ஆழம் குறைந்த கிணறுகள். பக்கத்தில் ஓடும் டூலி ஆற்றின் ஊற்று அவற்றை நிரப்பியது. ஆற்றில் நீர் இருக்கும்வரை யாரும் குறை சொல்லவில்லை.

அந்தக் கவுண்டியின் பழைய மனப்பாங்கு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 1971-ல் டூலேரி கவுண்டியின் பொதுத் திட்டம் 15 சிறு குடியிருப்புகளை, எதிர்காலம் இல்லாதவை என்று பட்டியலிட்டது. தண்ணீர், கழிவுநீர் போன்ற பெரிய வசதிகளைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்தால் அந்த மக்கள் மெல்ல வேறு ஊருக்குப் போய்விடுவார்கள் என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள். மக்கள் போகவில்லை. வேலை அங்கேதானே இருந்தது, எங்கே போவார்கள்? குழாய் எங்கே போகும், எங்கே போகாது என்பதை நிர்வாகம் கையெழுத்திட்டுத் தீர்மானித்த ஒரு காலம் இருந்தது என்பதற்காகவே இதை இங்கே சொல்கிறேன்.

சட்டத்தில் நிலைமை வேறாக இருந்தது. 2010 ஜூலையில் ஐ.நா. பொதுச்சபை குடிநீரை மனித உரிமையாக ஏற்றது. 2012-ல் கலிபோர்னியா, பாதுகாப்பான, சுத்தமான, கட்டுப்படியாகும் விலையிலான தண்ணீர் ஒவ்வொரு மனிதருக்கும் உரிமை என்று தன் நீர்ச் சட்டத்திலேயே எழுதியது. குடும்பங்களின் இடைநிலை வருமானம், மாநிலம் முழுவதற்குமான இடைநிலை வருமானத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே இருக்கிற ஊரை 'பின்தங்கிய சமூகம்' என்றும், 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'மிகப் பின்தங்கிய சமூகம்' என்றும் மாநிலம் வகைப்படுத்துகிறது. ஆக, உரிமையும் எழுத்தில் இருந்தது, உதவி யாருக்கு என்ற வரையறையும் இருந்தது.

ஓட்டை வேறோர் இடத்தில் இருந்தது. 15 இணைப்புகளாவது இருந்தால்தான், அல்லது குறைந்தது 25 பேருக்காவது தொடர்ந்து நீர் வழங்கினால்தான், அது சட்டப்படி பொதுக் குடிநீர் அமைப்பு. அதன் தண்ணீரை முறைப்படி சோதிக்க வேண்டும், முடிவை மக்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டின் சொந்தக் கிணற்றுக்கு இந்தக் கண்காணிப்பு எதுவும் கிடையாது. எத்தனை கிணறு, எவ்வளவு ஆழம், நீர் எப்படி என்ற கணக்கே ஓரிடத்தில் இல்லை. நெருக்கடி வந்தபோது முதலில் இடித்தது இதுதான்.

கிணறுகள் ஏன் வற்றின

2012-ல் தொடங்கிய வறட்சி 2014-ல் உச்சத்துக்குப் போனது. அந்த ஆண்டு ஜனவரியில் மாநில ஆளுநர் வறட்சி அவசரநிலை அறிவித்தார். பள்ளத்தாக்கின் கிழக்குப் பகுதித் தோட்டங்களுக்கு ஃபிரையன்ட் - கெர்ன் கால்வாய் வழியாக ஆற்று நீர் வரும். 2014-லும் 2015-லும் அந்தக் கால்வாய்ப் பாசனதாரர்களுக்கான ஒதுக்கீடு பூஜ்யம். பழ மரங்களை ஒரு கோடை காயப்போட்டால் பல வருட முதலீடு போய்விடும் என்பதால் தோட்டக்காரர்கள் நிலத்தடி நீரை இறைத்தார்கள். அவர்களுடைய கிணறுகள் பல நூறு அடி ஆழம். நீர்மட்டம் இறங்கும்போது மேலே நிற்கிற வீட்டுக் கிணறுதான் முதலில் காயும். கூடவே டூலி ஆற்றிலும் நீர் அற்றுப்போனது. அப்போது நிலத்தடி நீரை இவ்வளவுதான் எடுக்கலாம் என்று கட்டுப்படுத்த மாநிலச் சட்டம் இல்லை. அது 2014 செப்டம்பரில்தான் வந்தது. நிலைமை மோசமான நிலத்தடி நீர்ப் படுகைகளில் நீர் எடுப்பைச் சமநிலைக்குக் கொண்டுவர அந்தச் சட்டம் வைத்த இலக்கு ஆண்டு 2040.

காணப்பட்டவை

2014 ஆகஸ்டில் கவுண்டியின் கணக்குப்படி ஏறத்தாழ 1,400 வீடுகளில் 180-க்கும் மேற்பட்டவை தண்ணீர் இல்லை, அல்லது போதவில்லை என்று புகார் செய்திருந்தன. இது புகார் செய்தவர்களின் எண்ணிக்கை மட்டும்தான்.

நிர்வாகத்துக்கு முன்பே இந்தக் கணக்கை எடுக்கத் தொடங்கியவர் அந்த ஊரிலேயே வசித்த வயதான பெண் ஒருவர். அவருடைய கிணறும் வற்றியிருந்தது. தன் வண்டியில் தண்ணீர்ப் பாட்டில்களை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனார். எந்த வீட்டில் குழாய் வறண்டிருக்கிறது, எங்கே கைக்குழந்தை இருக்கிறது, எங்கே நோயாளி இருக்கிறார் என்று அவருக்குத்தான் தெரிந்தது. பல வீடுகளில் மாதக்கணக்காகவே தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து தோட்டக் குழாயை இழுத்து வைத்துக்கொண்டார்கள். வாளியில் மொண்டு கழிப்பறைக்கு ஊற்றினார்கள். குளிக்க உறவினர் வீட்டுக்குப் போனார்கள்.

ஏன் சொல்லாமல் இருந்தார்கள் என்பதுதான் இந்த நிகழ்வில் என்னை மிகவும் வருத்தும் பகுதி. தண்ணீர் இல்லாத வீட்டில் குழந்தைகளை வைத்திருப்பது தெரிந்தால் அதிகாரிகள் குழந்தைகளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பெற்றோர் பயந்தார்கள். வீட்டைக் குடியிருக்கத் தகுதியற்றது என்று அறிவித்துவிடுவார்களோ என்று சிலர் பயந்தார்கள். வாடகைக்காரர்களுக்கு வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார் என்ற பயம். குடியுரிமை ஆவணங்கள் இல்லாதவர்களுக்கு அரசு வாகனம் வாசலில் நின்றாலே பயம். உதவி மிக அதிகமாகத் தேவைப்பட்டவர்களுக்கே உதவி கேட்பது ஆபத்தாகத் தெரிந்தது. கவுண்டி தரப்பில் குழந்தைகளைப் பிரிக்க மாட்டோம் என்று சொல்லத்தான் செய்தார்கள். ஆனால் அதற்குள் பயம் தெருவெல்லாம் பரவிவிட்டது.

இன்னொன்று, நீரின் தரம். பண்ணை உரம், மாட்டுச் சாணம், வீடுகளின் கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றிலிருந்து நைட்ரேட் நிலத்தடி நீரில் இறங்குவது இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க உள்ள பிரச்சினை. லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன் என்பது அங்கே சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு. அதற்கு மேல் போனால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையக்கூடும். நைட்ரேட்டுக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் ஆவியாவதால் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆகவே கிணற்றில் நீர் இருந்த வீடுகளையும் பிரச்சினை இல்லாத வீடுகள் என்று கணக்கில் தள்ளிவிட முடியாது.

முதல் கட்ட முடிவுகள்: பாட்டில், பிறகு தொட்டி

முதலில் பாட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். வேகமாகக் கொடுக்க முடியும், அனுமதி எதுவும் வேண்டாம் என்பதால் அந்த முடிவு. தீயணைப்பு நிலையத்துக்கு முன்னால் 5,000 கேலன், அதாவது ஏறத்தாழ 19,000 லிட்டர் தொட்டி ஒன்றை வைத்தார்கள். அது குடிக்க அல்ல, புழக்கத்துக்கு. வேலை முடிந்து வந்தவர்கள் பீப்பாய்களோடு வரிசையில் நின்றார்கள். வண்டி இல்லாதவர்களுக்கும் முதியவர்களுக்கும் அந்தத் தொட்டியால் பெரிய பயன் இல்லை. ஒரு வாளி தண்ணீரின் கனத்தை யோசித்தாலே இது புரியும். இலையுதிர் காலத்தில் தேவாலய வாகன நிறுத்தத்தில் தற்காலிகக் குளியலறைகள் வந்தன.

2014 செப்டம்பரில் குடிநீர் இல்லாத குடும்பங்களுக்கான உதவியை விரைவுபடுத்த ஆளுநர் ஆணை பிறப்பித்தார். அடுத்த கட்டமாக மாநிலப் பணத்தில் வீட்டு வாசலிலேயே 2,500 கேலன் தொட்டி வைத்து, அதை வீட்டுக் குழாயோடு பொருத்தி, லாரியில் தண்ணீர் நிரப்பினார்கள். குடிக்கவும் சமைக்கவும் தனியாகப் பாட்டில். இது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது, குழந்தைகள் வீட்டிலேயே குளித்துவிட்டுப் பள்ளிக்குப் போனார்கள்.

ஆனால் தொட்டி கிடைக்க, கிணறு வற்றியதை நிறுவ வேண்டும். அதோடு வீட்டு உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். சொந்த வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டார். வாடகைக்காரர் என்ன செய்வார்? உரிமையாளர் எங்கோ இருப்பார், போனை எடுக்க மாட்டார். எடுத்தாலும் 'இதென்ன வம்பு' என்பார். பொதுப் பணத்துக்குக் கணக்கு வேண்டும் என்பது நியாயமே. தொட்டி என்பது மனையில் நிறுவும் பொருள், உரிமையாளரைக் கேட்காமல் முடியாது என்பதும் சரி. ஆனாலும் வீடு யாருடையது என்ற கேள்வி, யாருக்குத் தாகம் என்ற கேள்விக்கு முன்னால் வந்துவிட்டது.

ஆழக் கிணறு ஏன் தீர்வாகவில்லை

ஒவ்வொரு வீட்டுக்கும் ஆழமாகக் கிணறு தோண்டிக்கொடுத்தால் என்ன என்ற யோசனை இயல்பாகவே வந்தது. செலவு பல்லாயிரம் டாலர். பணம் இருந்தவர்களுக்கும் துளையிடும் நிறுவனங்களில் நீண்ட காத்திருப்பு, ஏனென்றால் தோட்டக்காரர்களும் அதே இயந்திரங்களுக்காகத்தான் காத்திருந்தார்கள். தோண்டினாலும் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும்போது அந்தக் கிணறு எத்தனை வருடம் தாங்கும்? ஆழத்தில் கிடைக்கும் நீர் நல்லதாக இருக்கும் என்ற உறுதியும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தனித்தனிக் கிணறு என்றால் சோதனையும் பராமரிப்பும் மறுபடி அந்தக் குடும்பத்தின் தலையில்தான். பழைய ஏற்பாட்டையே கூடுதல் ஆழத்தில் திரும்பச் செய்வதாகத்தான் அது முடிந்திருக்கும்.

லாரித் தண்ணீரும் முடிவில்லாத செலவு. மாதாமாதம் லட்சக்கணக்கான டாலர் போய்க்கொண்டிருந்தது, அப்படியும் ஒரு அடி குழாய்கூட அதனால் மண்ணுக்குள் இறங்கவில்லை.

நகராட்சிக் குழாயோடு இணைக்கும் முடிவு

மாநில நீர்வளத் துறை, மாநில நீர் வாரியம், கவுண்டி, போர்ட்டர்வில் நகராட்சி ஆகியவை சேர்ந்து, ஈஸ்ட் போர்ட்டர்வில் வீடுகளை நகரத்தின் குடிநீர் அமைப்போடு இணைப்பது என்று முடிவு செய்தன. உள்ளூர்த் தன்னார்வ அமைப்புகள் மக்களுக்கும் அலுவலகங்களுக்கும் நடுவே நின்றன.

நகராட்சியின் தயக்கத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். அந்த நகரமும் நிலத்தடி நீரைத்தான் நம்பியிருந்தது. 2015 ஏப்ரலில் மாநிலம் முழுக்க நகர்ப்புற நீர்ப் பயன்பாட்டை 25 சதவீதம் குறைக்க ஆளுநர் உத்தரவிட்டிருந்தார். உள்ளூர்வாசிகளிடம் புல்தரைக்குத் தண்ணீர் விடாதே என்று சொல்லிக்கொண்டே புதிதாகப் பல நூறு வீடுகளைச் சேர்ப்பது எந்த நகர மன்றத்துக்கும் எளிதல்ல. புதுக் கிணறு, குழாய், இணைப்பு இவற்றுக்கான செலவைப் பொதுநிதி ஏற்றதால்தான் பேச்சு நகர்ந்தது. இருக்கிற வாடிக்கையாளர்களின் நீரும் பணமும் குறையாது என்று நகராட்சிக்குக் காட்ட முடிந்தது.

2015 ஜூனில் இன்னொரு மாற்றமும் வந்தது. தரமான நீர் தர முடியாத சிறு குடிநீர் அமைப்பைப் பக்கத்துப் பெரிய அமைப்போடு இணைக்க உத்தரவிடும் அதிகாரம் மாநில நீர் வாரியத்துக்குக் கிடைத்தது. ஈஸ்ட் போர்ட்டர்வில்லில் நடந்தது உடன்பாட்டின் பேரில்தான் என்றாலும், இப்படி ஓர் அதிகாரம் இருப்பது இதுபோன்ற பேச்சுகளில் எடை சேர்க்கும். இதே கவுண்டியில் டூல்வில் என்ற குட்டி ஊர், ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் உள்ள எக்ஸீட்டர் நகரத்தோடு இணையக் கிட்டத்தட்ட இருபது வருடம் கேட்டது. 2019-ல் நகர மன்றம் மறுத்தது. 2021-ல் மாநிலம் கெடு வைத்த பிறகுதான் வழி திறந்தது. அங்கே குடியிருப்பை ஒட்டியே ஃபிரையன்ட் - கெர்ன் கால்வாய் ஓடுகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு அதில் ஒரு குவளைகூட இல்லை.

வீடு வீடாகக் கையெழுத்து

வேலை இரண்டு கட்டமாகப் பிரிக்கப்பட்டது. நகராட்சிக் குழாய் ஏற்கெனவே ஓடிய தெருக்களில் உள்ள வீடுகள் முதல் கட்டம். புதிதாகப் பிரதானக் குழாய் பதிக்க வேண்டிய தெருக்கள் இரண்டாம் கட்டம். அந்த முதல் கட்டத்தைப் படித்தபோது சற்று நேரம் மேலே போக முடியவில்லை. வாசலுக்கு வெளியே தெருவுக்கு அடியில் நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, உள்ளே இருந்தவர்கள் இரண்டு வருடம் பாட்டிலில் வாழ்ந்திருக்கிறார்கள்.

இணைப்புச் செலவு வீட்டுக்காரருக்கு இல்லை. ஆனால் நிபந்தனைகள் இருந்தன. நாளைக்கு நகர எல்லை விரிந்தால் ஆட்சேபிக்க மாட்டேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். கிணற்று நீரும் நகராட்சி நீரும் கலந்துவிடாதபடி கிணற்றை வீட்டுக் குழாயிலிருந்து பிரிக்க வேண்டும். மாதாமாதம் பில் கட்ட வேண்டும். தகுதி இருந்தும் சேராத வீடுகளுக்குத் தொட்டியும் பாட்டிலும் நிறுத்தப்படும்.

கிணற்றில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருந்தவர்கள் தயங்கினார்கள். இதுவரை பம்புக்கான மின்சாரச் செலவு மட்டும்தான். இனி பில். நகர எல்லைக்குள் போனால் வரியும் விதியும் எப்படி மாறுமோ என்ற கவலை. சில வீடுகளில் உரிமையாளரைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. வீடு வீடாகப் போய், ஸ்பானிய மொழியில் உட்கார்ந்து பேசியபோதுதான் கையெழுத்து விழுந்தது. தபாலில் வந்த படிவத்தைப் பார்த்துக் கையெழுத்திட யாரும் அவசரப்படவில்லை.

விளைவு

2016 ஆகஸ்டில் முதல் வீட்டுக்கு இணைப்பு கிடைத்தது. 2018 தொடக்கத்தில் பணி முடிந்தபோது இணைந்த வீடுகள் 755. வாசலில் நின்ற தொட்டிகளை எடுத்துப் போனார்கள். கண்காணிக்கப்படும், சோதிக்கப்படும் தண்ணீர் அந்த வீடுகளுக்கு முதல்முறையாகக் கிடைத்தது. தரம் கெட்டால் அவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டிய கடமை இப்போது ஒருவருக்கு உண்டு. தண்ணீர் வந்ததற்கு இணையான மாற்றம் இது என்பேன்.

சேராத வீடுகளும் இருந்தன. அவற்றின் கிணறு தாங்கும்வரை தாங்கும். 2021-ல் மறுபடி வறட்சி வந்தது, பள்ளத்தாக்கில் வீட்டுக் கிணறுகள் மறுபடி காய்ந்தன. நிலத்தடி நீரைச் சரியாக நிர்வகிக்கவில்லை என்று 2024 செப்டம்பரில் டூலி துணைப்படுகையை மாநில நீர் வாரியம் நேரடிக் கண்காணிப்பில் வைத்தது. நகராட்சிக் கிணறும் அந்தப் படுகையின் நீரைத்தான் எடுக்கிறது.

சட்டத்தில் சில ஓட்டைகள் அடைந்தன. 2019-ல் பின்தங்கிய ஊர்களின் குடிநீருக்கென்று ஆண்டுக்கு 13 கோடி டாலர் வரை, 2030 வரை ஒதுக்கும் நிதி உருவானது. புதுக் குழாய் போடுவதோடு நிற்காமல், அமைப்பை நடத்தும் செலவுக்கும் அதைப் பயன்படுத்தலாம் என்பது முக்கியம். 2021-ல் வந்த ஒரு சட்டம் சிறு ஊர்களுக்கும் வீட்டுக் கிணறுகளுக்கும் கவுண்டிகள் வறட்சித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்றது. அதே ஆண்டின் இன்னொரு சட்டம், கிணறுகள் ஆபத்தில் இருக்கிற பின்தங்கிய குடியிருப்புகளையும் இணைக்க உத்தரவிடும் அதிகாரத்தை வாரியத்துக்குத் தந்தது.

பில் விஷயம் மட்டும் இன்னும் தீரவில்லை. 1996-ல் வாக்காளர்கள் ஏற்ற ஓர் அரசியலமைப்புத் திருத்தத்தால், வசதியானவரிடம் கூடுதல் கட்டணம் வாங்கி ஏழை வீட்டுக்குக் குறைப்பது அங்கே பொது நீர் அமைப்புகளுக்குச் சட்டச் சிக்கல். மாநில அளவில் நிரந்தர நீர்க் கட்டண உதவித் திட்டம் கொண்டுவரும் மசோதாவை 2022-ல் ஆளுநர் மறுத்துவிட்டார். 2018-ல் வந்த சட்டம் ஒரு பாதுகாப்பு கொடுத்தது: கட்டணம் பாக்கி என்றாலும் 60 நாளுக்கு முன்னால் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. அறுபத்தோராவது நாள் என்ன என்பதற்கு முழுமையான பதில் இல்லை.

மறுபடி நேர்ந்தால் மாற்ற வேண்டியவை

கிணறுகளின் கணக்கு வறட்சிக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். ஆழமும் நீர்மட்டமும் தெரிந்தால் எந்தத் தெரு முதலில் காயும் என்று ஆறு மாதம் முன்பே சொல்லிவிடலாம். தெருவில் பிரதானக் குழாய் இருந்தும் இணைப்பு இல்லாத வீடுகளின் பட்டியலை அதோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். அந்த வீடுகளுக்குத் தொட்டியே தேவைப்பட்டிருக்காது.

முதல் 30 நாள் உதவிக்கு எந்தச் சான்றும் கேட்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பாட்டில் தண்ணீரை யாராவது ஏமாற்றி வாங்கிக்கொண்டு போவார் என்ற இழப்பு சிறியது. கேட்கப் பயந்து ஒரு தாய் கைக்குழந்தைக்கு நைட்ரேட் கலந்த நீரில் பால் கரைப்பது பெரியது. குழந்தைகள் நலத் துறைக்கோ குடியேற்றத் துறைக்கோ தகவல் போகாது என்பதை எழுத்தில், மக்களின் மொழியில், படிவத்தின் முதல் வரியிலேயே போட வேண்டும். கதவைத் தட்டுவது ஊர்க்காரராக இருந்தால் இன்னும் நல்லது. அந்த முதிய பெண்ணுக்குத் திறந்த கதவுகள் அரசு அலுவலருக்குத் திறக்கவில்லை. அவரைப் போன்றவர்களுக்கு வண்டிச் செலவும் சம்பளமும் கொடுத்து முதல் நாளிலிருந்தே வேலையில் சேர்த்துக்கொள்ளலாம்.

வாடகைக்காரர் தாமே தொட்டி கேட்கவும், உரிமையாளர் குறிப்பிட்ட நாட்களுக்குள் பதில் தராவிட்டால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளவும் அவசரகால விதி வேண்டும். தொட்டி வைக்கப் போகும் குழு அதே நடையில் பக்கத்து வீட்டுக் கிணற்று நீரையும் எடுத்துச் சோதிக்கலாம். கிணற்றில் நீர் இருந்ததால் சேர மறுத்தவர்களிடம் கையில் அந்த முடிவு இருந்திருந்தால் பேச்சே வேறாக இருந்திருக்கும்.

இணைப்புக்குக் கையெழுத்து வாங்கும்போதே மாதக் கட்டணம் எவ்வளவு வரும், கட்ட முடியாமல் போனால் யாரைக் கேட்பது என்பதையும் அதே தாளில் சொல்லிவிட வேண்டும். அப்புறம், அன்றைக்கு மறுத்த வீடுகள். மறுத்தவர் போய் வேறு குடும்பம் குடிவந்திருக்கலாம், வீடு கைமாறியிருக்கலாம், கிணறு இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கலாம். அந்த வீடுகளின் பட்டியலைக் கவுண்டி வைத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, கோடைக்கு முன்னால், அந்தக் கதவுகளை மறுபடி தட்டிப் பொதுச் செலவிலேயே இணைப்புத் தர நிதியில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்க வேண்டும்.